புஷ்கினின் "போரிஸ் கொதுனோவ்": கடைசி மௌனத்தை மேடையும் திரையும் எப்படிக் கையாண்டன?

கரையோர வாசகன் (கேள்வி)

வணக்கம். அலெக்சாந்தர் புஷ்கினின் "போரிஸ் கொதுனோவ்" நாடகத்தை மொழிபெயர்ப்பில் சென்ற வாரம் படித்து முடித்தேன். 1598 முதல் 1605 வரை ரஷ்யாவை ஆண்ட ஜார் போரிஸ், சிறுவனான இளவரசன் திமித்ரியைக் கொல்வித்து அரியணைக்கு வந்தவன் என்ற குற்றச்சாட்டையும், "செத்துப்போனதாகச் சொல்லப்படும் அந்தத் திமித்ரி நானே" என்று கிளம்பிப் போலந்துக்காரர்களின் துணையோடு படையெடுத்து வரும் ஓடுகாலித் துறவி கிரிகோரி ஒத்ரேப்பியெவின் ஏற்றத்தையும் சொல்லும் அரசியல் நாடகம் இது என்பது மட்டுமே எனக்கு முன்பே தெரிந்திருந்தது. படிக்கும்போது அரசனைவிட, உரிமை கோரி வருபவனைவிட, மக்கள் கூட்டம் வரும் இரண்டு இடங்கள்தான் என்னை நிறுத்திவிட்டன.

முதலாவது, நவதேவிச்சி மடத்துக்கு முன்னால் நடக்கும் காட்சி. முடிசூட மறுப்பதுபோல் பாவனை செய்யும் போரிஸை இறைஞ்சுவதற்காக மக்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அழுகிறார்கள். எதற்காக அழுகிறார்கள் என்று ஒருவன் கேட்க, நமக்கெப்படித் தெரியும், அது பாயர் பிரபுக்களுக்குத்தான் தெரியும் என்கிறான் மற்றவன். கண்ணீர் வராத ஒருவன் வெங்காயம் கிடைக்குமா என்று கேட்கிறான். இன்னொருவன் எச்சிலைத் தொட்டுக் கண்ணில் தடவிக்கொள்கிறான். ஒருத்தி, இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்துவிட்டு அழ வேண்டிய நேரம் பார்த்து ஓய்ந்துபோன தன் கைக்குழந்தையைத் தரையில் போடுகிறாள், அது வீறிடுகிறது. சிரிக்காமல் இருக்க முடியவில்லை. சிரித்த பிறகு சங்கடமாகவும் இருந்தது.

இரண்டாவது, கடைசி வரி. போரிஸ் இறந்த பின் அவனுடைய மனைவியும் மகனும் மாளிகைக்குள் கொல்லப்படுகிறார்கள். மசால்ஸ்கி என்ற பாயர் வாசலுக்கு வந்து, இருவரும் நஞ்சருந்தி இறந்துவிட்டார்கள் என்று அறிவித்து, புதிய ஜாரை வாழ்த்திக் குரலெழுப்பும்படி மக்களுக்குக் கட்டளையிடுகிறான். அதன் பின் இருப்பது ஒரே ஒரு மேடைக்குறிப்புதான்: மக்கள் மௌனமாக இருக்கிறார்கள். நாடகம் அங்கே முடிந்துவிடுகிறது.

வெங்காயத்தில் தொடங்கி மௌனத்தில் முடியும் இந்த வளைவு படிப்பவனுக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஆனால் மேடையில் இதை எப்படிச் செய்வார்கள்? சும்மா நிற்பதை நடிப்பு என்று பார்வையாளன் எப்படி உணர்வான்? இதுவரை நடந்த முக்கியமான மேடையாக்கங்கள், திரைப்படங்கள் எவை? நான் முதலில் எதைப் பார்க்கலாம்? செர்கேய் பொந்தார்ச்சுக்கின் 1986ஆம் ஆண்டுப் படத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வேறு சிலரோ அதைத் தவிர்த்துவிடச் சொல்கிறார்கள்.

பழஞ்சுவடி

நண்பரே, நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த வளைவைப் பற்றி முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்த அந்த இரண்டு இடங்களும் புஷ்கின் உயிரோடிருந்த காலத்தில் ஒரே பிரதியில் சேர்ந்து இருந்ததில்லை.

மிஹாய்லவ்ஸ்கோயே என்ற தன் குடும்பப் பண்ணையில் அரசின் கண்காணிப்புக்குக் கீழ் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தபோது, கரம்சீன் எழுதிய ரஷ்ய வரலாற்றின் தொகுதிகளை ஆதாரமாகக் கொண்டு, 1825 நவம்பரில் அவர் இந்த நாடகத்தை எழுதி முடித்தார். ஜாராட்சிக்கு எதிராக ராணுவ அதிகாரிகள் நடத்திய டிசம்பர்க் கிளர்ச்சிக்குச் சில வாரங்களே இருந்தன. அந்தக் கையெழுத்துப் பிரதியில் 25 காட்சிகள் இருந்தன. வெங்காயக் காட்சி அதில் உண்டு; ஆனால் முடிவில் மௌனம் இல்லை. மசால்ஸ்கி கட்டளையிட்டதும் மக்கள் "ஜார் திமித்ரி இவானவிச் நீடூழி வாழ்க" என்று கத்துவார்கள். அத்தோடு திரை விழும். 1826இல் பிரதியைப் பற்றிய ஒரு குறிப்புரை முதலாம் நிக்கலாயிடம் போனது. வால்டர் ஸ்காட் பாணியில் இதை ஒரு வரலாற்று நாவலாக மாற்றி எழுதினால் நல்லது என்று பேரரசர் யோசனை சொன்னார். எழுதியதைத் திரும்ப எழுத எனக்கு இயலாது என்ற பொருளில் பணிவாகப் பதில் சொல்லிவிட்டுப் புஷ்கின் காத்திருந்தார். 1830 டிசம்பர் இறுதியில், 1831 என்ற ஆண்டு பொறித்து, நூல் வெளிவந்தது. அதில் மூன்று காட்சிகள் இல்லை. அவற்றுள் ஒன்று உங்கள் வெங்காயக் காட்சி. ஆனால் முடிவில் வாழ்த்தொலி போய் மௌனம் வந்திருந்தது.

ஆக, முதல் பிரதியில் வெங்காயமும் கூச்சலும். அச்சு நூலில் வெங்காயமில்லாத மௌனம். இன்று நாம் வாங்கிப் படிக்கும் பதிப்புகளில் இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் பின்னாளில் வந்த பதிப்பாசிரியர்கள். முடிவை மாற்றியது புஷ்கினின் கலைத் தீர்மானமா, தணிக்கையின் நெருக்கடியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கூச்சலோடு முடிவதே உண்மையான நாடகம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். முதல் பிரதியின் தலைப்பில் புஷ்கின் இதை "கமேதியா" என்று, பழைய ரஷ்ய வழக்கில் மேடைக்கூத்துக்கு இருந்த பெயரால், குறித்திருந்தார் என்பதும் அவர்களுக்குத் துணை.

மேடைக்கு வருவோம். நடிப்பதற்கான அனுமதி 1866இல்தான் கிடைத்தது. முதல் அரங்கேற்றம் 1870 செப்டம்பரில், சாங்க்த் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில். புஷ்கின் இறந்து 33 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. அப்போதும் முழு நாடகமும் வரவில்லை. பல காட்சிகள் வெட்டப்பட்டன. அந்த அரங்கேற்றம் எடுபடவில்லை. அதற்குத் தணிக்கையை மட்டும் குறை சொல்வது சரியல்ல. அக்காலத்து ஏகாதிபத்திய அரங்குகளில் ஒவ்வொரு காட்சிக்கும் வரைதிரைகளையும் கட்டுமானங்களையும் மாற்றுவார்கள். இந்த நாடகமோ கிரெம்ளின் மாளிகையிலிருந்து மடத்து அறைக்கும், அங்கிருந்து லித்துவேனிய எல்லைச் சத்திரத்துக்கும், போலந்துக் கோட்டைக்கும், போர்க்களத்துக்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. சில காட்சிகள் ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை. ஐந்து நிமிடக் காட்சிக்குப் பத்து நிமிட இடைவேளை விட்டால் எந்த நாடகம் தாங்கும்? இது மேடைக்கு ஆகாத நாடகம், படிப்பதற்கு மட்டுமே உரியது என்ற பேச்சு அங்கிருந்துதான் வலுப்பெற்றது. மாஸ்கோ கலை அரங்கு 1907இல் நெமிரோவிச் தான்சென்கோவின் இயக்கத்தில் வரலாற்று நுணுக்கங்களோடு இதைச் செய்து பார்த்தது. ஆனாலும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாடகத்தின் பெயர் போரிஸ். ஆனால் அவன் வருவதோ ஆறு காட்சிகளில்தான். நாயக நடிகரைச் சுற்றியே எல்லாவற்றையும் அமைத்துப் பழகிய அரங்குக்கு இது பிடிபடவே இல்லை.

மௌனம் குறித்த உங்கள் கேள்விக்கு நேரடியான விடை என்னிடம் இல்லை. ஆனால் பிரதியை ஒருமுறை திரும்பப் பாருங்கள். கடைசிக் காட்சியில் இரண்டு மௌனங்கள் இருக்கின்றன. மரணச் செய்தியை மசால்ஸ்கி சொன்னவுடன் வரும் குறிப்பு, மக்கள் திகிலில் வாயடைத்து நிற்கிறார்கள் என்பது. ஏன் மௌனமாக இருக்கிறீர்கள், கத்துங்கள் என்று அவன் அதட்டிய பிறகு வருவது இரண்டாவது. அதில் "திகிலில்" என்ற சொல் இல்லை. வேறு எந்த அடைமொழியும் இல்லை, வினைச்சொல்லும் வேறு. அச்சம் என்றோ, எதிர்ப்பு என்றோ, சலிப்பு என்றோ, காத்திருப்பு என்றோ ஆசிரியர் சொல்லவில்லை. முதலாவதை எந்த நடிகரும் செய்துவிடுவார். இரண்டாவதைத்தான் 150 ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் வரிசை

பழஞ்சுவடி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அந்த இரண்டாவது மௌனத்தைத் தேடியவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஒருவர் சோவியத் நாடக இயக்குநர் மேயர்ஹோல்ட். 1937இல் புஷ்கினின் நூற்றாண்டு நினைவை நாடே கொண்டாடவிருந்ததையொட்டி 1936இல் அவர் ஒத்திகை நடத்தினார்; இசைக்கு இசையமைப்பாளர் புரகோஃபியெவை அழைத்தார். மக்கள் கூட்டத்தை மேடையில் குவிக்காமல், மேடைக்குப் பின்னாலிருந்து வரும் சொல்லற்ற குழுக்குரலாக, கடலிரைச்சல்போல ஏறி இறங்கும் முணுமுணுப்பாக வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்; புரகோஃபியெவ் அதற்கேற்பவே எழுதினார். போர்க்காட்சிக்கு, மோதும் இரு படைகளுக்கும் தனித்தனியே, கீழைச் சாயலும் மேலைச் சாயலும் கொண்ட வாத்தியக் குழுக்கள். கூட்டத்தை ஒலியாக மாற்றிவிட்டால் மௌனம் என்பது அந்த ஒலி அறுந்துபோகும் கணம் ஆகிவிடுகிறது. முகங்களே தேவையில்லை. என்ன அருமையான தீர்வு! ஆனால் அரங்கேற்றம் நடக்கவில்லை. 1938 ஜனவரியில் அவருடைய அரங்கு மூடப்பட்டது. 1939 ஜூனில் அவர் கைதானார். 1940 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இசையையும் அவருடைய ஒத்திகைக் குறிப்புகளையும் கொண்டு 2007இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு மேடையாக்கத்தைச் செய்தார்கள்.

இன்னொருவர் யூரி லியூபிமோவ். மாஸ்கோ தகான்கா அரங்கில் 1982இல் அவர் தயாரித்ததுதான், என் கணிப்பில், இந்த நாடகத்தின் மேடை வரலாற்றையே இரண்டாகப் பிரிப்பது. திரைமாற்றம் கிடையாது. நடிகர்கள் அனைவரும் ஒரு பாட்டுக் கூட்டமாக மேடையிலேயே இருப்பார்கள். பாத்திரத்துக்கு உரியவர் கூட்டத்திலிருந்து ஓரடி முன்னால் வந்து பேசிவிட்டு மீண்டும் கூட்டத்துக்குள் போய்விடுவார். நாட்டுப்புறக் குரலிசையை நாடிச் சென்று சேகரித்த திமித்ரி பக்ரோவ்ஸ்கி அவர்களைப் பயிற்றுவித்தார். உடைகள் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. உரிமை கோரி வருபவனாக நடித்த வலேரி சொலத்துகின் மாலுமிகள் அணியும் வரிச்சட்டையில் வந்தார். மாலுமிகளும் பங்கேற்ற 1917 புரட்சியைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

முடிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். போரிஸாக நடித்த நிக்கலாய் குபேன்கோ, ஜாரின் வேடத்தைக் களைந்துவிட்டு, இன்றைய மனிதர் ஒருவர் அணியும் சாதாரண உடையில் அவையினரிடையே வந்து, மசால்ஸ்கியின் அந்த வரியை அவர்களைப் பார்த்துச் சொல்வார்: ஏன் மௌனமாக இருக்கிறீர்கள்? கத்துங்கள்! அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. நாடகம் பார்க்க வந்தவர்கள் கத்த மாட்டார்கள். இயல்பாகவே அவர்கள் மௌனமாக இருப்பார்கள். மேடைக்குறிப்பு அந்த நொடியில் நிறைவேறிவிடும். மௌனத்தை நடிப்பது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? நடிக்காமல், பார்வையாளர்களையே அதற்குள் இழுத்துவிடுவது என்பதே லியூபிமோவ் கண்ட வழி.

1982 நவம்பரில் சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் இறந்தார். ஆட்சி அந்திரோப்பவின் கைக்கு மாறியது. அப்படியொரு வேளையில், ஆட்சி கைமாறுவதைப் பற்றிய நாடகத்தில், தற்கால உடையில் ஒருவர் அவையைப் பார்த்து இப்படிக் கேட்பதை அதிகாரிகள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள்? டிசம்பரில் தடை வந்தது. 1984இல் லியூபிமோவ் பதவியையும் சோவியத் குடியுரிமையையும் இழந்தார். அவர் நாடு திரும்பிய பின் 1988 ஜூனில்தான் அந்தத் தயாரிப்பு முறையாக அரங்கேறியது. ஒரு வரிகூடப் புஷ்கினுடையதல்ல என்று அதிகாரிகளால் சொல்ல முடியாது என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. பள்ளியில் எல்லாரும் படித்த பாடத்துக்கே தடை!

நெடுந்திரை

படங்களைப் பற்றிக் கேட்டதால் நான் வருகிறேன். பொந்தார்ச்சுக்கின் படத்தைத் தவிர்க்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை முதலில் பார்க்கச் சொல்பவர்களோடும் இல்லை.

1986இல் வந்த அந்தப் படம் அவ்வாண்டு கான் விழாவில் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. போரிஸாக நடித்தவர் பொந்தார்ச்சுக்கே. மகள் க்சேனியாவாகவும் மகன் ஃபியோதராகவும் வருவது அவருடைய சொந்தப் பிள்ளைகளான அலியோனாவும் ஃபியோதரும். தந்தை இறக்கும் தறுவாயில் மகனுக்கு அரசியல் அறிவுரை சொல்லும் நீண்ட காட்சியில் இது தரும் நெருக்கம் தனியானது. சாகப்போகிறவன் நல்லவனாக இரு என்று சொல்லவில்லை. யாரை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும், கெடுபிடியை எப்போது தளர்த்த வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்று கணக்குச் சொல்கிறான். பொந்தார்ச்சுக் அதை மூச்சிரைக்கச் சொல்வதைப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் வதீம் யூசவ். தேவாலயங்களும் பொன்னாடைகளும் பெருங்கூட்டமும் கண்ணை நிறைக்கும்.

குறையும் அங்கேதான். புஷ்கின் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும் இடங்களிலெல்லாம் படம் நின்று நிதானமாகக் காட்டுகிறது. ஒரு பக்கக் காட்சி சுருக்கென்று தைத்துவிட்டுப் போக வேண்டியது. இங்கே பெருஞ்சித்திரமாக விரிந்து தன் கூர்மையை இழக்கிறது. 1870இல் வரைதிரைகள் செய்த வேலையை இங்கே அசலான கட்டடங்கள் செய்துவிடுகின்றன என்று சொன்னால் கடுமையாக இருக்கும். ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது விளதீமிர் மிர்சோயேவ் இயக்கிய 2011ஆம் ஆண்டுப் படம். புஷ்கினின் செய்யுள் அப்படியே இருக்கிறது. காலம் மட்டும் இன்றைய மாஸ்கோ. பாயர்கள் கோட்டும் டையும் அணிந்து சொகுசு ஊர்திகளில் வருகிறார்கள். மக்சீம் சுஹானவ் போரிஸாகவும் அந்திரேய் மெர்ஸ்லிகின் உரிமை கோரி வருபவனாகவும், வரலாறு எழுதும் முதிய துறவி பீமெனாக மிஹயீல் கஸக்கோவும் நடித்திருக்கிறார்கள். கஸக்கோவ் அதே ஆண்டில் காலமானார்.

உங்கள் கேள்விக்கு இந்தப் படத்தில் ஒரு பதில் இருக்கிறது. மிர்சோயேவின் படத்தில் கூட்டமே கிடையாது. மடத்தின் முன்னாலும் கிரெம்ளின் முன்னாலும் நிற்க வேண்டிய மக்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் குடும்பங்களாகிவிட்டார்கள். அரசு அறிவிப்பு திரையில் வருகிறது. இவர்கள் பார்த்துக்கொண்டே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். எல்லாரும் அழுகிறார்களே, நாமும் அழுவோம் என்பது சோபாவில் உட்கார்ந்தபடி சொல்லப்படும்போது வெங்காயம் இன்னும் காரமாகிறது. சதுக்கத்தில் நிற்கும் கூட்டம் மௌனமாக இருந்தால் அதை ஆள்பவன் கேட்டாக வேண்டும். வீட்டில் இருப்பவர் மௌனமாக இருந்தால் யாருக்குக் கேட்கும்?

வேறு மேடையாக்கங்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேய இயக்குநர் தெக்லன் தானலன் 2000இல் ரஷ்ய நடிகர்களோடு செய்ததில், நீண்ட ஒடுங்கிய மேடையின் இருபுறமும் பார்வையாளர்கள் எதிரெதிரே அமர்வார்கள். உங்கள் எதிரில் தெரியும் கூட்டம் உங்களைப்போன்ற இன்னொரு கூட்டம். ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு 2012இல் மைக்கேல் பாய்டின் இயக்கத்தில் இதை ஆங்கிலத்தில் தந்தது. மாஸ்கோ லென்கோமில் கன்ஸ்தந்தீன் பகமோலவ் 2014இல் செய்ததில் மேடையெங்கும் திரைகள். மக்களைப் பற்றிய ஏளன வாசகங்கள் அவற்றில் வரும். கேலி அளவு மீறிவிட்டது என்பது என் கருத்து. பார்வையாளரைத் திட்டினால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். லியூபிமோவ் கேட்டது கேள்வி.

கரையோர வாசகன்

மூவருக்கும் நன்றி. பழஞ்சுவடி ஐயா சொன்ன இரண்டு மௌனங்களை என் மொழிபெயர்ப்பில் தேடினேன். இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். முதலாவதில் "திகிலுடன்" என்பது மட்டும் கூடுதல். அதைத் தாண்டிப் போனதற்கு என் அவசரமும் ஒரு காரணம்.

மிர்சோயேவின் படத்தை நேற்றிரவு பார்த்தேன். கோட்டு அணிந்தவர் செய்யுள் பேசுவது முதல் சில நிமிடங்கள் காதில் உறுத்தியது. பிறகு, அரசியல்வாதிகள் எப்போதும் ஏதோ எழுதிக் கொடுத்ததைத்தானே பேசுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்ததும் உறுத்தல் நின்றுவிட்டது. இன்னொரு சந்தேகம்: பலரும் "போரிஸ் கொதுனோவ்" என்றாலே முசோர்க்ஸ்கியின் இசைநாடகத்தைத்தான் சொல்கிறார்கள். அதைப் பார்த்தால் நாடகத்தைப் பார்த்ததாகுமா?

கீழ்ச்சுருதி

ஆகாது. இசைநாடகத்தை உயிராக நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

முசோர்க்ஸ்கி தாமே பாடல் வடிவத்தை எழுதிக்கொண்டு 1869இல் முதல் வடிவத்தை முடித்தார். முக்கியமான பெண் பாத்திரம் இல்லை என்று ஏகாதிபத்திய அரங்குகளின் குழு அதை நிராகரித்தது. அவர் போலந்துக் காட்சிகளைச் சேர்த்து, பலவற்றை மாற்றி 1872இல் இரண்டாவது வடிவத்தைத் தந்தார். 1874 தொடக்கத்தில் மரீன்ஸ்கியில் அரங்கேறியது. இங்கே ஒரு சுவையான செய்தி: 1870இல் எடுபடாமல் போன புஷ்கின் நாடகத்துக்காகச் செய்து வைத்திருந்த காட்சியமைப்புகளை எடுத்துத்தான் அந்த இசைநாடகத்தை அரங்கேற்றினார்கள். துறவிகளை இசைநாடக மேடையில் காட்டக் கூடாது என்பதால் பீமெனின் அறைக்காட்சி அப்போது விடுபட்டது.

மௌனத்துக்கு வருகிறேன். இசைநாடகத்தில் குழுப்பாடகர்கள் இருக்கிறார்கள். பாடுவதுதான் அவர்களுடைய வேலை. அவர்களைக் கடைசியில் வாய்மூடி நிற்க வைத்துத் திரையை இறக்குவது இசையமைப்பாளருக்குத் தற்கொலைக்குச் சமம். முசோர்க்ஸ்கி அந்த முடிவையே விட்டுவிட்டார். முதல் வடிவம் போரிஸின் மரணத்தோடு முடிகிறது. இரண்டாவது வடிவம் குரோமி காட்டில் மக்கள் கலகத்தில் இறங்கி, புதியவனை வாழ்த்தி அவன் பின்னால் ஓடுவதைக் காட்டுகிறது. எல்லாரும் போன பிறகு, ரஷ்யர்கள் யுரோதிவி என்று அழைக்கும் இறைப்பித்தன் ஒருவன் மட்டும் உட்கார்ந்து, ரஷ்ய நாட்டுக்கு வரப்போகும் இருளை நினைத்துப் புலம்புகிறான். யோசித்துப் பார்த்தால் இது புஷ்கினின் முதல் பிரதிக்குத்தான் நெருக்கம்: கூட்டம் கத்துகிறது. அந்தக் கையெழுத்துப் பிரதியின் முடிவை அவர் பின்பற்றினார் என்று நான் சொல்லவில்லை. இசை அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

மடத்தின் முன் நடக்கும் காட்சியை அவர் தொடக்கத்திலேயே வைத்தார். அங்கே வெங்காயம் இல்லை. கையில் தடியோடு ஒரு காவல் அதிகாரி வந்து, ஏன் ஓய்ந்துவிட்டீர்கள் என்று அதட்டுகிறான். மக்கள் முழந்தாளிட்டு அழுது பாடுகிறார்கள். அவன் அந்தப் பக்கம் போனதும் பாட்டு தளர்ந்து, எதற்காக இந்தக் கூப்பாடு என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். நகைச்சுவை இருக்கிறது, ஆனால் புஷ்கினின் கூட்டம் யாரும் அடிக்காமலே எச்சிலைத் தொட்டுக்கொள்கிறது. அந்த வேறுபாடு சிறியதல்ல. முசோர்க்ஸ்கி மக்களுக்காக இரங்குகிறார். புஷ்கின் அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

திரையில் பார்க்க விரும்பினால் வேரா ஸ்த்ரோயெவா இயக்கிய 1954ஆம் ஆண்டுச் சோவியத் படம் இருக்கிறது. அலெக்சாந்தர் பிரகோவ் போரிஸ். இறைப்பித்தனாக இவான் கஸ்லோவ்ஸ்கி. கஸ்லோவ்ஸ்கியின் குரலுக்காகவே அதைப் பார்க்கலாம். போலந்து இயக்குநர் அந்திரே ஜுவாவ்ஸ்கி 1989இல் எடுத்ததில் ருஜேரோ ரைமோந்தி பாடுகிறார். படப்பிடிப்புக் குழுவினரே சட்டகத்துக்குள் தெரிவார்கள். திரைப்பட இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி 1983இல் லண்டன் கவெண்ட் கார்டனில், கிளாவ்தியோ அபாதோ இசை நடத்த, இயக்கிய மேடையாக்கம் 1990இல் மரீன்ஸ்கிக்கும் போனது.

பழஞ்சுவடி

கீழ்ச்சுருதி கடைசியில் சொன்ன ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொள்கிறேன்: "அவர்களையும் விட்டுவைக்கவில்லை." அந்த இரண்டாவது மௌனத்தை மக்களின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று வாசிப்பது ரஷ்யப் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு விமர்சகர் பெலின்ஸ்கியின் காலத்திலிருந்தே அப்படி ஒரு வாசிப்பு உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. கடைசிக் காட்சிக்கு முந்தைய காட்சியை எடுத்துப் பாருங்கள். உரிமை கோரி வருபவனின் தூதன் பேசி முடித்ததும், மேடைமேல் ஏறி நின்று ஒரு விவசாயி கூவுகிறான்: கிரெம்ளினுக்குப் போவோம், போரிஸின் குட்டியைக் கட்டிப் பிடிப்போம். கூட்டம் பாய்ந்து ஓடுகிறது. அந்தக் குட்டிதான் சற்று நேரத்தில் உள்ளே கொல்லப்படுகிறான். ஆக மௌனமாக நிற்பவர்கள் வெறும் சாட்சிகள் அல்லர். தாங்கள் கேட்டது கிடைத்துவிட்டதைப் பார்த்து நிற்பவர்கள். இதை எந்த மேடையாக்கம் சரியாகக் காட்டியது என்று கேட்டால், லியூபிமோவிடம்கூடப் பாதிதான் கிடைக்கிறது என்பேன். அங்கே அவையில் இருக்கும் நாம் கேள்வி கேட்கப்படுகிறோம், ஆனால் நாம் யாரையும் கட்டச் சொல்லிக் கத்தியிருக்கவில்லையே.

இரண்டாம் வரிசை

கத்தியிருக்கவில்லை என்பது உறுதியா? 1982இல் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் ஸ்டாலின் ஆண்ட முப்பதுகளில், பிறரைத் தண்டிக்கச் சொல்லும் கூட்டங்களில் கைதூக்கியவர்களும் இருந்திருக்க வாய்ப்புண்டு. இதற்கு மேல் நான் வாதிடவில்லை. இயக்குநர் முந்தைய காட்சியின் ஓட்டத்தையும் கடைசிக் காட்சியின் நிற்றலையும் ஒரே நடிகர்களைக் கொண்டு, மூச்சு வாங்கும் நேரம்கூடக் கொடுக்காமல் செய்தால் நீங்கள் சொல்வது தானாகவே வந்துவிடும். ஓடி வந்தவர்களுக்கு மூச்சிரைக்கும். அந்த மூச்சொலி மட்டும் கேட்கும்.

கரையோர வாசகன்

கடைசிக் காட்சியை இப்போது நான்காவது முறையாகப் படித்தேன். யாரும் குறிப்பிடாத ஒன்று கண்ணில் பட்டது. காட்சி தொடங்கும்போது காவலில் வைக்கப்பட்ட சிறுவன் ஃபியோதர் சன்னலருகே நிற்கிறான். கீழே ஒரு பிச்சைக்காரன் கிறிஸ்துவின் பெயரால் பிச்சை கேட்கிறான். காவலன் அவனை விரட்டுகிறான்; சிறைப்பட்டவர்களோடு பேசக் கூடாது என்று உத்தரவு என்கிறான். போ பெரியவரே, உன்னைவிட நான் ஏழை, நீ வெளியே இருக்கிறாய் என்று சிறுவன் பதில் சொல்கிறான். பேசக் கூடாது என்ற உத்தரவோடு தொடங்கும் காட்சி, கத்துங்கள் என்ற உத்தரவோடு முடிகிறது. மிர்சோயேவின் படத்தில் அந்தக் காவலனின் வரி இருந்ததா என்பது நினைவில்லை. இன்றிரவு அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.